எழுந்ததும் இறங்கும் பறப்பு: ஓர் ஆய்வு

ஸ்காட்லாந்தின் வடகோடியில், ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில், வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். இரண்டிலும் விமான நிலையம் உண்டு. இடைத்தூரம் 2.7 கிலோமீட்டர், எடின்பரோ விமான நிலையத்து ஓடுபாதையின் நீளமே ஏறக்குறைய அவ்வளவு வரும். இதைப் பறந்து கடக்க எத்தனை நேரமாகும் என்ற வினாவை அறிஞர் உலகம் உரிய கனத்தோடு அணுகவில்லை (இக்குறையை முதலில் சுட்டியவர் யாம், காண்க: இதே வாக்கியம்). பறப்பு மூவகைப்படும்: நெடும்பறப்பு, குறும்பறப்பு, எழுந்ததும் இறங்கும் பறப்பு. முதல் இரண்டும் எளியவை, விடுக்க.

தூரத்திலிருந்து தொடங்குவதே முறை. பூமி உருண்டை, எனவே நேர்கோட்டில் அளப்பது பாமரர் வழக்கம், பெருவட்ட வில்லில் அளப்பதே புலமை. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர் என வைத்துக் கணக்கிட்டோம். வில்லுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு 0.02 மில்லிமீட்டர். தலைமுடிப் பருமன்கூடத் தேறவில்லையே என்று நகைப்பார் நகைக்கட்டும். முடி ஆளுக்கு ஆள் மாறும், உதிரவும் செய்யும், பெருவட்டம் உதிராது. மேலும், நடுவழியில் கடல் 14 சென்டிமீட்டர் புடைத்து நிற்கிறது. ஒரு சாண்கூட இல்லாத இந்த மேட்டை விமானி ஒவ்வொரு நடையும் ஏறி இறங்கியாக வேண்டும் (காண்க: முந்தைய வாக்கியம், மறுப்புக்கு, அதற்கும் முந்தையது, மறுப்பின் மறுப்புக்கு, அடைப்புக்குறிக்குள் உள்ள இது).

இனி நேரம். கணினிக் கணக்கர் கையாளும் சூத்திரம் ஒன்று உண்டு: தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரைமணி கூட்டுவது. அதன்படி விடை 30 நிமிடம் 12 வினாடி. இத்தடத்தில் பறக்கும் லோகன்ஏர் விமான நிறுவனத்தின் அட்டவணையோ 2 நிமிடம் என்கிறது. சூத்திரத்தின் விமானம் போய்ச் சேர்வதற்குள் அட்டவணையின் விமானம், ஓயாமல் போய்வந்தால், பதினைந்து நடை அடித்திருக்கும். பதினைந்து ஒற்றைப்படை, ஆகவே அதுவும் பாப்பா வெஸ்ட்ரேயில்தான் நிற்கும். இரு கணக்கும் ஒத்துவிட்டன. காற்று வாட்டமாக வீசிய நாளில் 53 வினாடியில் கடந்த பதிவு இருக்கிறதே என்று ஆட்சேபிப்போர் உளர். நடந்தது சூத்திரத்துக்குப் பொருந்தாவிட்டால் நடந்ததைத் திருத்துவதே நம் பல்கலைக்கழக மரபு. ஆயினும் பெருந்தன்மையோடு அதையும் சோதித்தோம். 53 வினாடி என்றால் மணிக்கு 183 கிலோமீட்டர். அட்டவணைப்படியோ 81தான், நாற்கரச் சாலையில் பேருந்து போகும் வேகம். அந்த 2 நிமிடத்தில் ஓடுபாதையில் ஊர்ந்து திரும்பும் நேரமும் அடக்கம் என்பார்கள். அப்படியானால் பறப்பு என்பது ஊர்தலின் நடுவே வரும் சிறு இடையூறு என்றே கொள்ள வேண்டும்.

அங்கே பறப்பது பிரிட்டன்-நார்மன் ஐலேண்டர் என்னும் இரட்டை எஞ்சின் விமானம். அதன் சக்கரங்கள் மடங்குவதில்லை. அமைப்பு எளிமைக்காக என்பர் பொறியாளர். மடக்கி முடிப்பதற்குள் விரிக்க வேண்டிவரும் என்பது எம் துணிபு. எட்டுப் பயணிகள் அமரும் அந்த விமானத்தில்தான் ஆசிரியரும் மருத்துவரும் வேலைக்குப் போய்வருகிறார்கள், 1967 முதல்.