கலஹா வீதி வினாத்தாள்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குள்ளே நெடுக ஓடும் வீதிக்குப் பெயர் கலஹா வீதி. எங்கள் ஊரின் பெயர் ஒரு பரீட்சையும் எழுதாமல் அந்த வளாகத்துக்குள் நுழைந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த மண்டபங்களைப் பார்ப்பது பஸ் ஜன்னல் வழியேதான்.

அங்கே கணினி விஞ்ஞானத்தில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன். அறிவுப் பிரதிநிதித்துவம், தர்க்கம், வகைப்படுத்தல், தகவல் கோட்பாடு என்றார்கள். அடடா, இதையெல்லாம் எங்கள் மேல் செய்முறையாகவே நடத்தி முடித்துவிட்டார்களே! ஆகவே வினாத்தாளை நானே தயாரித்துவிட்டேன். விடைகளுக்கு நான் சிரமப்படவில்லை. ஆண்டவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நேரம்: இந்தியாவிலிருந்து எங்களை இந்த மலைக்குக் கொண்டுவந்தது முதல் 200 ஆண்டுகள் (1823–2023). எல்லா வினாக்களுக்கும் விடை எழுதுக. பெயரைத் தெளிவாக எழுதவும்; பதிவில் அது எப்படியும் வேறு எழுத்தில்தான் விழும்.

வினா 1: அறிவுப் பிரதிநிதித்துவம்

உலகில் உள்ள ஒன்றை, கணக்குக்கு வசதியான குறியீடாகச் சுருக்குவது எப்படி? உதாரணம் தருக.

விடை: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் எங்களுக்குப் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். எல்லோருக்கும் மனப்பாடமான வாக்கியம். 19 ஏக்கருக்கும் குழி வெட்டியது அவர் ஒருவர்தானா என்று கேட்கக்கூடாது. வேண்டாததை விட்டுவிடுவதுதான் பிரதிநிதித்துவத்தின் முதல் பாடம். வெட்டியவர்களை விட்டுவிட்டார்கள்.

இதைவிடத் துல்லியமான குறியீடு தோட்டத்தின் அன்றாட வேலைப் பதிவேடான செக்ரோலில் உண்டு. ஒரு நாள் வேலைக்கு அங்கே ‘பேர்’ என்று பெயர். சொன்ன கிலோவைப் பறித்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். விடியலில் முழு மனுஷியாக மலை ஏறியவள், மாலையில் அரை மனுஷியாக இறங்கி வருகிறாள். கணினிக்குத் தெரிந்தவை பூச்சியமும் ஒன்றும்தான். மனிதரில் அரை என்று ஒன்று உண்டென்று கண்டுபிடித்த பெருமை தேயிலைக்கே உரியது.

வினா 2: மூடிய உலகக் கருதுகோள்

பதிவில் இல்லாதது உலகிலும் இல்லை என்று கொள்வதன் விளைவுகளை ஆராய்க.

விடை: ரேமண்ட் ரைட்டர் என்ற அறிஞர் 1978இல் இதற்கு இலக்கணம் வகுத்தார். பஸ் நேர அட்டவணைக்கு இது நன்றாகவே பொருந்தும். பத்து மணிக்கு பஸ் என்று எழுதவில்லையா, பத்து மணிக்கு பஸ் இல்லை. ஆளுக்குப் பொருந்துமா? ரைட்டருக்கு 30 ஆண்டுகள் முன்பே கொழும்பு பொருத்திக் காட்டிவிட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்துக்கு, நீ இங்கே பிறந்தது மட்டும் போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். எடு சான்றிதழை! லயன் காம்பராவில் மருத்துவச்சி கையில் விழுந்த பாட்டனுக்கு ஏது கடதாசி? கடதாசி இல்லை, ஆகவே பாட்டன் பிறக்கவில்லை. பிறக்காத பாட்டனின் பேரன் எந்த நாட்டவன்? ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே தர்க்கத்தில் நாடற்றவர்கள் ஆக்கினார்கள். மலையை மட்டும் நாட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு சமூகத்தை மட்டும் குறிவைத்துச் சட்டம் செய்யக்கூடாது என்று அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது உண்மைதான். ஆனால் சட்டத்தில் எங்கள் சமூகத்தின் பெயரே இல்லையே! வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அந்த அரசியலமைப்பு உருவானபோது டி.எஸ். சேனாநாயக்காவுக்கு ஆலோசனை சொன்னவர் ஐவர் ஜென்னிங்ஸ். கலஹா வீதியோரத்தில் பல்கலைக்கழகத்தை எழுப்பிய உபவேந்தரும் அவரே. கட்டடங்கள் உறுதியாக நிற்கின்றன. பிரிவுதான் ஒழுகியது.

துணைவினா: 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களில் 975,000 பேரைப் பங்கிட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி எத்தனை? 150,000. அவர்களை என்ன செய்தார்கள்? ‘பிறகு பார்க்கலாம்’ என்று வைத்தார்கள். வகுத்தலில் மீதி வருவது இயல்பு. அந்த மீதி சோறு கேட்டதுதான் சங்கடம். எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரசாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இல்.

வினா 3: வகைப்படுத்தல்

ஒரே ஒரு பண்பை வைத்து மாணவரைத் தரம் பிரிக்கும் நிரலை விமர்சிக்க.

விடை: பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம். கண்டி அப்படியில்லை. கலஹா கண்டியில் இருக்கிறது. எனவே மலையின் அந்தப் பக்கம் பெய்வது பின்தங்கிய மழை. இந்தப் பக்கம் பெய்வது முன்னேறிய மழை. அந்தப் பக்கத்து லயனும் இந்தப் பக்கத்து லயனும் ஒரே தகரத்தில் ஒழுகினாலும் நிரலுக்கு அது தெரியாது.

கண்டி நகரத்தில் நூறாண்டு கடந்த கல்லூரியில், மூன்று டியூஷன் வகுப்புக்குப் போய்வரும் பிள்ளையும், தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணிதம் படிப்பிக்க ஆளில்லாத தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதற்குச் சமத்துவம் என்று பெயர். ஆசிரியர் இருந்தாரா என்பது வெட்டுப்புள்ளிக் கணக்கில் சேராது. சேராதது இல்லாதது. (பார்க்க: வினா 2.)

வினா 4: தகவலின் அளவு

ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்று எப்படி அளப்பது?

விடை: கிளாட் ஷனன் இதற்கு விடை கண்டார். அவருடைய கட்டுரை 1948 ஜூலையிலும் ஒக்டோபரிலும் இரண்டு பாகமாக வெளிவந்தது. இடையில் வந்த ஆகஸ்டில்தான் எங்கள் பிரசாவுரிமையைப் பறிக்கும் மசோதா கொழும்பில் நிறைவேறியது. உலகம் தகவலை அளக்கக் கற்ற அதே வருடம், எங்களைப் பற்றிய தகவலை அழிக்கக் கற்றார்கள்.

ஷனன் சொன்னது எளிது. எதிர்பாராத செய்தியில் தகவல் அதிகம். முன்கூட்டியே தெரிந்த செய்தியில் தகவல் பூச்சியம். ‘லயன் முறையை ஒழிப்போம், குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி கொடுப்போம்’ என்று தேர்தலுக்குத் தேர்தல் ஒலிபெருக்கி அலறுகிறதே, அதில் எத்தனை பிட் தகவல்? பூச்சியம். சத்தம் மட்டும் மலை அதிரும்.

இரைச்சலுக்கு நடுவே செய்தி போய்ச் சேர, அதையே திரும்பத் திரும்ப அனுப்பலாம் என்பதும் பாடத்தில் உண்டு. நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2015 முதல் அனுப்பினோம். 2016இல் 730 என்று பதில் வந்தது. 2019இல் 750. 2021 மார்ச்சில் ஒருவழியாக 1,000 வந்து சேர்ந்தது. அடுத்த வருடமே ரூபா கவிழ்ந்தது. எண் பிழையில்லாமல் வந்தது, பெறுமதிதான் வழியில் இறங்கிக்கொண்டது.

வினா 5: இரைச்சல் (கட்டாய வினா)

இரைச்சலின் முக்கிய இயல்பு என்ன?

விடை: சாயாமை. நல்ல இரைச்சல் இந்தப் பக்கமும் விழும், அந்தப் பக்கமும் விழும். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். நாணயத்தை இருநூறு முறை சுண்டி, இருநூறு முறையும் பூவே விழுந்தால் அதிர்ஷ்டம் கெட்டது என்று மூடனும் சொல்லமாட்டான். நாணயத்தைப் புரட்டிப் பார்ப்பான்.

பெயர்ப் பிழை, பதிவுப் பிழை, எல்லைப் பிழை என்று எங்களுக்கு நடந்த எல்லாவற்றுக்கும் ‘தவறுதலாக’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். தவறுதலாக ஒருவனுக்காவது ஓர் ஏக்கர் கூடுதலாக எழுதப்பட்டதா? தவறுதலாக ஒருத்திக்காவது ஒன்றரைப் பேர் விழுந்ததா? ஒரு பக்கமே சாயும் பிழைக்குப் பிழை என்று பெயரில்லை ஐயா. அதற்குப் பெயர் களவு.

சின்ன வயதில் கொழுந்து நிறுக்குமிடத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தராசு முள் 18இல் நிற்கும். ஏட்டில் 16 விழும். சாக்குக்கு ஒரு கிலோ கழிவு, ஈரத்துக்கு ஒரு கிலோ கழிவு. கொழுந்து வாடும் வெயில் நாளிலும் அதே கழிவுதான். ஒருநாள் அம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

“ஐயா, இன்னைக்கு மழையே பெய்யலையே?”

கணக்கப்பிள்ளை ஏட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நாளைக்குப் பெய்யும், போ.”