அமைதிக்கு நாற்பது நிமிடம்

ஹிரோஷிமாவையும் மியாஜிமா தீவையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலாவில் துக்கம், பக்தி, ஷாப்பிங் மூன்றும் ஒரே டிக்கெட்டில் அடக்கம். உலக அமைதிக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். கழிப்பறை நேரமும் அதற்குள்தான்.

அணுகுண்டுக்குத் தப்பிய குவிமாடம் எலும்புக்கூடாக நிற்க, அதன் முன்னால் இரண்டு விரலை உயர்த்திச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அருங்காட்சியகத்தில், 1945 ஆகஸ்ட் 6 அன்று காலை 8.15-க்கு நின்றுபோன கைக்கடிகாரம். அதைக் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்த ஒருவர், சட்டென்று தன் மணிக்கட்டைத் திருப்பினார்: "ஐயோ, படகுக்கு நேரமாச்சு!" வெளியே 1964-ல் ஏற்றிய தீபம் எரிகிறது. அணு ஆயுதங்கள் ஒழியும் நாளில்தான் அதை அணைப்பார்களாம். எரிபொருள் தருகிறவருக்கு நிரந்தர வியாபாரம்!

பத்து நிமிடப் படகுப் பயணத்தில் புண்ணியத் தீவு. ஒரு காலத்தில் அங்கே பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. இப்போது தலைக்கு 100 யென் வரி கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் இறங்கலாம். கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரணவாயில் 1875-ல் எழுப்பியது. பதினாறு மீட்டர் உயரமிருந்தும் அடியை மண்ணில் புதைக்கவில்லை. தன் எடையாலேயே நிற்கிறது. எங்கள் குழுவோ கொடி பிடித்த வழிகாட்டி இல்லாமல் ஓரடி நகராது.

தீவில் மான்கள் தாராளமாகத் திரிகின்றன. காகிதம் என்றால் உயிர். ஒன்று வந்து வழிகாட்டியின் கையிலிருந்த நிகழ்ச்சிநிரலை உருவி, நிதானமாக மென்று விழுங்கியது. எங்கள் பயணத் திட்டத்தை முழுதாக ஜீரணித்தது அது ஒன்றுதான்.