கையை வைங்க, பாப்போம்

"கையை வைங்க, பாப்போம்" என்பார். நாம் காரில் ஏறி, கதவை மூன்றாவது தடவையாக அடித்துச் சாத்தி, மடியில் பையைச் சரிபண்ணுவதற்குள் சொல்லிவிடுவார். வைக்காமல் தப்ப முடியாது. ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து, நம் மணிக்கட்டைப் பிடித்து, டெஷ்போட்டில் காற்று வரும் வாய்க்கு நேரே தானே கொண்டுபோய் வைத்துவிடுவார். கார் அப்போது பசறை வீதியில் ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்.

"வருதா?"

"வருதுங்க."

"எப்படி வருது?"

இந்த இரண்டாவது கேள்விதான் பரீட்சை. "நல்லா வருது" என்றால் சாதாரண சித்தி. "ஜில்லுன்னு வருது" என்றால் திறமைச் சித்தி. "கை விறைச்சுப் போச்சுங்க" என்பவருக்கு வாசல் வரை கொண்டுபோய் இறக்கிவிடும் பாக்கியம் உண்டு. "போன கிழமைய விட கொஞ்சம் குறைவோ?" என்று உண்மை பேசியவர் அடுத்த பயணத்தில் பின் சீட்டுக்குப் போவார். பின் சீட்டுக்குக் காற்று எட்டாது, ஆகவே அபிப்பிராயமும் கேட்கப்படாது. அந்த இடத்துக்கு நான் நெடுநாளாக முயன்று வருகிறேன்.

பழைய ஜப்பான் கார் ஒன்றும், அதில் ஓர் ஏசியும் வைத்திருக்கும் இந்த மனிதர் பதுளையில் எந்தத் தெருவிலும் உண்டு. ஓய்வுபெற்ற மாஸ்டராக இருக்கலாம், தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருக்கலாம், கடை முதலாளியாகவும் இருக்கலாம். அவரிடம் தப்பிய கை ஊரில் இல்லை. பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறார். கோயிலிலிருந்து ஐயரை வீட்டில் விடப் போனபோது, மடியில் விபூதித் தட்டோடு இருந்தவரின் கையையும் பிடித்திருக்கிறார். அன்றைக்குக் காற்றை முழு வேகத்தில் வைத்திருந்தார். விபூதி எழும்பி கண்ணாடி, கூரை, ஐயரின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றிலும் படிந்தது. இருமல் ஓய்ந்ததும் ஐயரிடம் அவர் கேட்டது, "பாத்தீங்களா வேகத்த?"

வேகம் வேறு, குளிர் வேறு என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை, அவருக்கே தெரியும். இந்தப் பரிசோதனையை எங்கே வைத்து நடத்துகிறார் என்று கவனித்தால் அது விளங்கும். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மத்தியானம் ஒரு மணிக்கு ஒருநாளும் நடத்தமாட்டார். "எஞ்சின் சூடாகட்டும், போகப் போகத்தான் வரும்" என்பார். பண்டாரவளை தாண்டியதும் "இப்ப வைங்க." பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர். பண்டாரவளை 1200ஐத் தாண்டும், ஹப்புத்தளை 1400ஐத் தாண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை அளவில் குறையும் என்று இவரே பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்திருக்கக்கூடும். ஹப்புத்தளையில் மாலை ஐந்து மணிக்குக் கொழுந்து லொறியின் ஓட்டையில் கையை வைத்தாலும் ஜில்லென்றுதான் இருக்கும்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மலைநாட்டுக்காரனுக்கு எதற்கு ஏசி என்று கேட்பார்கள். பதுளை மலைகளுக்கு நடுவே கிண்ணம் போலக் கிடக்கும் ஊர். ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை அடிக்கிற வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடுகிற வாசம் ஏறும், காருக்குள் இருப்பவனுக்கு வியர்வைதான் ஏறும். ஏசி இருப்பதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இல்லாத ஏசிக்கு என் கையைச் சாட்சி வைப்பதுதான் பிரச்சினை.

கராஜில் பாஸ் பல தரம் சொல்லிவிட்டார். "கேஸ்ங்கிறது பெற்றோல் மாதிரி எரிஞ்சு தீர்ற சாமான் இல்லீங்க. உள்ளுக்குள்ளேயே சுத்தி வரும். குறையுதுன்னா எங்கேயோ ஓடுது. உங்களுக்குக் கூலிங் கொயில் போச்சு."

கூலிங் கொயில் என்பது டெஷ்போட்டுக்குள், இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அலுமினியக் கட்டு. நீர்மமாக வரும் கேஸ் சிறு வால்வு வழியாக அதற்குள் பீச்சி, கொதித்து ஆவியாகி, காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெளிக்காற்றில் விட்டால் அந்த கேஸ் பூச்சியத்துக்குக் கீழே 26 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றிலுள்ள ஈரம் கொயிலின் மேல் வியர்த்து, கீழே குழாயால் வடியும். தோட்டத்து ரோட்டுத் தூசியும் இலைச்சருகும் அந்த ஈரத்தில் அப்பி, முப்பது வருடம் ஊறினால் அலுமினியம் அரித்துப்போகாமல் என்ன செய்யும்? ஓட்டை ஊசிமுனையளவுதான், ஆனால் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கும். அதனால் அவர் பொனட்டைத் திறந்து, தெரிகிற குழாய்களுக்கெல்லாம் சவர்க்கார நுரை பூசிப் பார்த்துவிட்டு, "லீக் இல்லியே!" என்று தீர்ப்புச் சொல்வார். பிறகு வழக்கமான வசனம்.

"கேஸ மட்டும் அடிச்சு விடுங்க, பாஸ்."

தீபாவளிக்கு ஒரு கேஸ், பொங்கலுக்கு ஒரு கேஸ், சித்திரைக்கு ஒரு கேஸ், கதிர்காமத்துக்கு ஒரு கேஸ். பெருநாள் தவறாமல் பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்தாரோ என்னவோ, காருக்கு எடுத்தார். கூட்டிப் பார்த்தால் இரண்டு கொயில் வாங்கியிருக்கலாம் என்று அவருடைய மனைவி ஒருமுறை கணக்குச் சொன்னார். அந்த அம்மா அன்றிலிருந்து பின் சீட்டில்தான் இருக்கிறார். இன்னொரு கணக்கும் உண்டு. அந்த கேஸ் ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 1400 மடங்கு. தன் காரைக் குளிரப்பண்ண முடியாதவர் பசறை வீதி முழுக்க அதை விட்டுக்கொண்டு போனது சிரிக்கிற விஷயம் இல்லை.

ஆடியில் கதிர்காமம் போனோம். எல்ல தாண்டி ரோடு இறங்க இறங்க அவருடைய பேச்சும் இறங்கியது. வெல்லவாயவில் டெஷ்போட்டிலிருந்து வந்தது அடுப்புக் காற்று. யாரையும் கையை வைக்கச் சொல்லவில்லை. "ஷட்டர கொஞ்சம் இறக்குவோமே, இயற்கைக் காத்துத்தான் உடம்புக்கு நல்லது" என்றார். இறக்கினோம். புத்தள தாண்டிக் காட்டு ரோட்டில் யானை நின்றது. அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும், வாகனத்தை மறித்துப் பழம் கேட்டுப் பழகிய யானைகள். எங்களிடம் பூசைக்கு வாங்கிய வாழைச்சீப்பு, சரியாக என் காலடியில். ஷட்டரை ஏற்றினோம். ஆறு பேர், மூடிய கண்ணாடி, ஏசி இல்லை, முன்னால் பஸ், பின்னால் வேன். யானை ஆற அமர வந்து கண்ணாடியைத் தடவியது. யாரும் மூச்சு விடவில்லை, விட இடமும் இல்லை. அப்போது பின் சீட்டிலிருந்து அந்த அம்மா சொன்னார்:

"அதுக்கிட்டயும் கேளுங்களேன், தும்பிக்கைய வச்சுப் பாக்கச் சொல்லி."

இவ்வளவுக்கும் அவர் கொயிலை மாற்றாததற்குக் கஞ்சத்தனம் மட்டும் காரணம் இல்லை. டெஷ்போட்டைக் கழற்ற அவருக்குப் பயம். "ஜப்பான்காரன் பூட்டினத நம்மாளு கழட்டினா பழையபடி பொருந்தாது" என்பார். அதில் நியாயம் இருக்கிறது. முப்பது வருடப் பிளாஸ்டிக் கிளிப் கை பட்டதும் நொறுங்கும், பிறகு ஒவ்வொரு குழியிலும் டெஷ்போட் பேசும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் காருக்கு 2025 தொடக்கத்தில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் அவர் காரைப் பார்த்த பார்வை, ஒரே பிள்ளையை ஒப்பரேஷனுக்கு அனுப்பும் தாயின் பார்வைதான். அவருடைய அப்பா காலத்தில் லயத்தில் ஒருவருக்கு முடியாமல் போனால் கொழுந்து லொறி வர வேண்டும். இப்போது பாதி ராத்திரியில் பிள்ளைப்பேற்று வலி என்று தட்டினால், சட்டையைக்கூடப் போடாமல் சாவியோடு ஓடிவருவார். காசு வாங்கமாட்டார். அப்படிப் போன ஒரு ராத்திரி, பின் சீட்டில் அந்தப் பிள்ளை வலியில் கத்திக்கொண்டிருக்க, முன்னால் இருந்த புருசன்காரனிடம் கேட்டிருக்கிறார், "தம்பி, கையை வைங்க."

கடைசியில் ஒருநாள் பதுளையில் அடித்த கேஸ் ஹாலிஎல வரைதான் வந்தது. சரணடைந்தார். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய பழைய கொயில் ஒன்று மலிவாக வரும் என்று தொடங்கியதும் பாஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே புதிது. டெஷ்போட் முழுவதையும் இறக்க வேண்டியும் வரவில்லை. அந்தக் கால ஜப்பான் கார் பலவற்றில் இடப்பக்கப் பெட்டியைக் கழற்றினால் கொயில் இருக்கும் கூடு அப்படியே வெளியே வரும். இத்தனை வருடப் பயமும் ஏழெட்டு ஆணிக்குத்தான். கூட்டைப் பிளந்தபோது கொயில் தெரியவில்லை, சவுக்கு இலையும் மண்ணும் காய்ந்த செவ்வந்தி இதழும் சேர்ந்த ஒரு மெத்தைதான் தெரிந்தது. கழுவிய பிறகு ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. காற்றை ஏற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கியதும் அந்த மூலையிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். தீபாவளி, பொங்கல், சித்திரை எல்லாம் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன.

அதற்குப் பிறகும் திருந்தினாரா? ஈரம் உறிஞ்சும் ட்ரையரையும் மாற்ற வேண்டும் என்றார் பாஸ். குழாயைத் திறந்தால் உள்ளே ஈரம் போகும், ஈரம் உள்ளே போனால் வால்வில் பனிக்கட்டி கட்டும். "கொயிலுக்குத்தானே வந்தோம்?" என்று அரைமணி நேரம் வாதாடினார். வாதாடித் தோற்ற பிறகு, கேஸ் அடிக்குமுன் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச இன்னொரு அரைமணி பம்ப் ஓட வேண்டும் என்றார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "இன்னுமா பாஸ் உள்ளுக்குக் காத்து இருக்கு?"

இப்போது உண்மையிலேயே குளிர்கிறது. பதுளை பஸ் நிலையத்தில், மத்தியானம் ஒரு மணிக்கு. பாஸ் வெப்பமானியைச் செருகிக் காட்டியபோது ஏழு பாகை. அன்று மாலையே தனக்கும் ஒன்று வாங்கி, காற்று வாயில் நிரந்தரமாகக் குத்திவிட்டார். நம் கைக்கு விடுதலை, காதுக்கு இல்லை. "ஏழு... ஏழு... பாருங்க, வெயில்லயும் ஏழு." ஏற்றம் வந்தால் எஞ்சின் இழுக்காது என்று ஏசியை அணைப்பார், "பதினொண்ணு... பதினாலு" என்று துக்கம் விசாரிப்பார், இறக்கத்தில் மறுபடி போடுவார். 1940 வாக்கில் அமெரிக்காவில் பெக்கார்ட் காருக்கு ஏசி பூட்டியபோது உள்ளே இருந்து அணைக்க வழியே இல்லையாம், இறங்கி பொனட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம். இவருக்கு அதுதான் சரியான கார்.

போன வாரம் வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை வழியாகத் திரும்பினோம். பெரகலையில் மூடுபனி இறங்கிவிட்டது. உள்ளே நாலு பேரின் மூச்சில் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், போட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிந்துவிடும். மலைநாட்டுக்காரனுக்கு ஏசி வேண்டியதே இதற்குத்தான். அவர் அதை அணைத்து வைத்திருந்தார். இடப்பக்கம் பள்ளம், எதிரே கொள்கலன் லொறியின் ஹோர்ன். என் கையில் ஒரு பழைய துவாயைக் கொடுத்து, "உங்க பக்கம் துடைச்சாச்சா? அப்படியே என் பக்கமும் ஒரு இழுப்பு" என்றார்.

ஏசியைப் போடுங்களேன் என்றேன்.

"இந்தக் குளிருக்கா? பெற்றோல் என்ன விலை விக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"