சீகை மரத்தின் ஏற்புரை

(உதகையில் இன்னும் நடக்காத ஒரு பாராட்டு விழாவில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, பல துறைகளிலிருந்து ஜீப் ஜீப்பாக வந்து இறங்கியிருக்கும் அதிகாரப் பெருமக்களே, முன்வரிசையில் நாற்காலி கிடைத்தவர்களே, கிடைக்காமல் பின்னால் நிற்கும் இந்த மலையின் சொந்தக்காரர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பூத்துக்குளி போர்த்தினீர்கள். தோடர் பெண்கள் நூலை எண்ணி எண்ணிக் கறுப்பிலும் சிவப்பிலும் தைக்கும் சால்வை. அந்தத் தையல் 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது. தைத்த அம்மாவையும் அழைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். என் பேச்சு முடிந்ததும் அவர் ஆடுவார் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அவர் பேசுவார் என்று போடவில்லை. நியாயம்தான், நேரம் போதாது.

என் வரலாற்றை நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆனாலும் சொல்கிறேன். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார். பின்னாலேயே பங்களா, பட்டாளம், கணப்பு அடுப்பு எல்லாம் வந்தன. அக்கம்பக்கத்துச் சோலைகளை வெட்டி எரித்த பிறகு விறகுக்கு என்ன செய்வது என்ற கவலையும் வந்தது. அந்தக் கவலையைத் தீர்க்க 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து நான் வந்தேன். அண்ணன் கற்பூர மரத்தை 1843இல் காப்டன் காட்டன் கொண்டுவந்து சேர்த்தார். இன்று அண்ணனின் எண்ணெயை நீலகிரித் தைலம் என்று பாட்டிலில் அடைத்து நெஞ்சில் தேய்த்துக்கொள்கிறீர்கள். வந்த விருந்தாளிக்கு ஊர்ப் பெயரையே எழுதிக்கொடுத்த பெருந்தன்மை உங்களுக்குத்தான் வரும்.

வந்தவனுக்கு இடம் வேண்டுமே. மலை முழுக்கப் புல். மரம் இல்லையென்றால் துரைமார் கணக்கில் அது தரிசு. தோடர்களோ அந்தத் தரிசின் ஒவ்வொரு சரிவையும் ஒவ்வொரு ஊற்றையும் பெயர் சொல்லிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எருமை மேய்ந்த இடத்தில் என்னை நட்டார்கள். பட்டா கேட்டார்களா? இல்லை. சாதிச் சான்றிதழ்? அதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாத வனவாசி உரிமை கேட்டு வந்தால் 75 ஆண்டாக அங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்கிறது. என்னிடம் 180 ஆண்டுக்கு ஆதாரம் இருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

வெள்ளைக்காரன் போனதும் என் கதை முடிந்தது என்று பயந்தேன். அப்போதுதான் எனக்கு யோகமே அடித்தது. என் பட்டை தோல் பதனிடப் போயிற்று. அண்ணனின் கட்டை சிறுமுகை விஸ்கோஸ் ஆலையில் கூழாகி நூலாயிற்று. மேட்டிலிருந்து மேட்டுக்கு எங்களை வரிசை வரிசையாக நட்டு அதற்குக் காடு வளர்ப்பு என்று பெயர் வைத்தீர்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கும் எங்கள் ஊர்க்காரர்தான். சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும் பைன் காட்டுக்குப் பூர்வீகம் மெக்சிகோ. ஊட்டியின் இயற்கை அழகு என்று சொல்லிக் குடும்பத்தோடு எங்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறீர்கள். மறுபடியும் நன்றி.

இனி குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். நான் தண்ணீரைக் குடித்துவிட்டேனாம். தோடர்களின் பால் கோயிலுக்குக் கூரை வேய ஒரு புல் உண்டு. நீலகிரியின் சதுப்புகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. சதுப்பு காய்ந்தது, புல் அருகிவிட்டது, கூரை மாற்றும் காலம் வந்தால் அவர்கள் மலை மலையாகத் தேடி அலைகிறார்கள். எனக்குத் தாகம் எடுத்தது, குடித்தேன். சதுப்பின் கரையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவர் கையெழுத்து போட்ட கோப்பு இங்கேதான் எங்கோ இருக்கும், பாருங்கள்.

நான் தெரியாமல் வந்தவன். நீங்கள் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்தவர்கள். அரசு தாவரவியல் பூங்கா 1848இல் தொடங்கியது. உலகத்துச் செடியெல்லாம் கொண்டுவந்து பெயர்ப்பலகை மாட்டினீர்கள். அதன் மேல்பக்கத்திலேயே தோடர்களின் குடியிருப்பு, ஒரு மந்து, இருக்கிறது. ஐயா, இங்கே எது வளரும் என்று கேட்கப் படியேறிப் போனால் போதும். இந்த மக்களில் ஒரு பெண் கருவுற்றால், கணவன் மரத்தில் மாடம் குடைந்து விளக்கேற்றி, அந்த மரத்தடியில்தான் அவளுக்கு வில்லும் அம்பும் கொடுக்கிறான். வில்லுக்கு இன்ன செடியின் குச்சி, அம்புக்கு இன்ன புல் என்று விதி உண்டு. பிள்ளைக்குத் தகப்பன் யார் என்பதே அந்தச் சடங்கில்தான் ஊரறிய முடிவாகிறது. கோயில் பூசாரிக்குத் தீட்சை என்றால் குறிப்பிட்ட ஒரு சோலை மரத்தின் பட்டை வேண்டும். இதையெல்லாம் ரிவர்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் கேட்டுக் கேட்டு எழுதி 1906இல் தடித்த புத்தகமாகவே போட்டுவிட்டார். லண்டனில் அச்சாகி நூற்றுச் சொச்சம் வருடம் ஆகிவிட்டது. உதகை அலுவலகத்துக்கு இன்னும் தபால் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

கீழே குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் தேனெடுக்கும் குறும்பரைக் கேளுங்கள். நாவல் பூத்த காலத்துத் தேன் கசக்கும் என்பார். எந்த மரம் எந்த மாதம் பூக்கும், காய்க்கும், எந்தப் பறவை அதைத் தின்னும் என்பது அவருக்குப் பிழைப்பு. உங்களுக்கு அது ‘மரபறிவு’, அதாவது அரைநாள் கருத்தரங்கு, மதியம் பிரியாணி.

அப்படி ஒரு கருத்தரங்கை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன்.

“பெரியவரே, ஹெக்டேருக்கு எத்தனை நடலாம்? நாட்டு மரமாகவே சொல்லுங்க.”

“எந்த இடத்துலங்க?”

“எல்லா இடத்துலயும்தான். அதோ அந்த மேட்டிலே.”

“அங்கே மரம் நின்னதே இல்லைங்க. மார்கழி, தைப் பனியிலே கன்னு கருகிப்போயிடும். அது புல்லு இருக்கிற இடம். சோலை கீழே, ஓடை மடிப்புலதாங்க.”

“சரி. பழங்குடியினர் முழு ஒத்துழைப்பு அளித்தனர்னு எழுதிக்கப்பா.”

என் கண்ணில் ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த மனிதர் சொன்னதுதான் இந்த மலையின் முதல் பாடம். திறந்த மேட்டில் உறைபனி சோலைக் கன்றைப் பொசுக்கிவிடும். அதனால்தான் சோலை மடிப்பிலும் புல் மேட்டிலுமாக இந்த மலை தனக்குத்தானே எல்லை போட்டுக்கொண்டது. புல்லும் சதுப்பும் மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லப் பவானிக்கு அனுப்புகின்றன. மரம் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவனுக்கு, எங்கே மரமே கூடாது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பதிலை எழுத உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. இருப்பது ‘நட்ட கன்றுகளின் எண்ணிக்கை’ என்ற கட்டம் மட்டும். 2024இல் ஒன்றிய அரசு பசுமை வரவுக்கு வகுத்த முறையில் ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம், மரத்துக்கு ஒரு வரவு என்று இருந்தது. மாநிலத்திலோ 23.7 சதவீதப் பசுமைப் பரப்பை 33 ஆக்கப் பத்தாண்டுத் திட்டம். புல்லுக்கு எத்தனை மதிப்பெண்? பூஜ்யம். அந்தப் புல்லைத் தின்னும் வரையாடு மாநில விலங்கு. அதற்கு 25 கோடி ரூபாயில் தனித் திட்டம். ஆட்டுக்குப் பொன்னாடை, புல்லுக்குக் கடப்பாரை.

நாட்டு மரம் நடுகிறோம் என்கிறீர்களே, அதையும் பார்ப்போம். வேம்பும் புங்கனும் நாட்டு மரம்தான், தஞ்சாவூருக்கு. 2,200 மீட்டர் உயரத்தில் எது நாட்டு மரம்? இங்கே வேண்டியது சோலை நாவலும் காட்டுச் செண்பகமும் காட்டு லவங்கமும். இவற்றில் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். விழுந்த கையோடு பொறுக்கி, ஈரத்தோடு ஊன்ற வேண்டும். உங்களிடம் விதை வாங்க மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, ஒப்புதல். கையெழுத்து முடிந்து சாக்கோடு ஆள் வரும்போது விதை மக்கி மண்ணாகியிருக்கும். விதை எப்போது விழும் என்று தெரிந்த குறும்பர் அதே திட்டத்தில் வேலைக்கு இருக்கிறார், தினக்கூலிக்குக் குழி வெட்ட.

என்னை ஒழிக்க 2022இல் மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. உயர் நீதிமன்றமும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அந்தக் கொள்கை அச்சான தாளே அண்ணனின் கூழோ என்னவோ. நான் பயப்படவில்லை. வெட்டிய மரத்துக்கு டன் கணக்கு உண்டு, வெட்டிய பின் மண்ணுக்குள் கிடக்கும் என் விதைக்குக் கணக்கு ஏது? பல பத்தாண்டு தூங்குவேன். தீ பட்டால் துள்ளி எழுவேன். ஒருவனை வெட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் நூறு பேராக நிற்பேன். அதைவிட வேடிக்கை ஒன்று. சோலைக்குப் பக்கத்தில் இருக்கும் என் பழைய தோப்புகளில், என் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தானாக முளைத்து வளர்கின்றன. பழநி மலையில் வட்டக்கானலில் சோலை காப்பவர்கள் இதைக் கண்ணால் கண்டு சொன்னார்கள். அங்கே என்னைப் பொறுமையாக, ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். புல்வெளியிலோ வேரோடு பிடுங்கி, வருடா வருடம் வந்து கன்று பொறுக்க வேண்டும். எது எந்த இடம் என்று சொல்ல அந்த இடத்தில் வாழ்ந்தவன் வேண்டும். இயந்திரத்துக்கு எல்லாம் ஒரே வாடகை.

விரோதிகள் எனக்கும் உண்டு. கோத்தகிரி லாங்வுட் சோலையைச் சுற்றி ஒரு காவல் குழு. தருண் சாப்ரா என்ற உதகைப் பல்மருத்துவர் பல் பிடுங்குவதோடு நிறுத்திக்கொள்ளாமல், தோடர்களோடு சேர்ந்து சோலையையும் புல்வெளியையும் மீட்கிறேன் என்று கிளம்பினார். புல்லுக்கே நாற்றங்கால் வைக்கும் பைத்தியங்களும் இங்கே உண்டு. உன்னிச்செடித் தங்கையைக் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிகள் வெட்டி யானையாக முடைந்து 2021இல் லண்டன் பூங்காக்களில் நிறுத்திவிட்டார்கள். என் கவலை இவர்களிடம்தான். நல்லவேளை, இவர்கள் எண்ணிக்கை கம்மி, இவர்கள் கன்றுகளின் எண்ணிக்கை அதைவிடக் கம்மி. அறிக்கையில் எடுபடாது.

2006 சட்டத்தின் மூன்றாம் பிரிவில், மரபறிவு மீது சமூகத்துக்கே உரிமை என்று ஒரு வரி இருக்கிறதாம். எல்லா ஊராட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும், 2020 ஜனவரி 31 தாண்டினால் மாநிலத்துக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்றது பசுமைத் தீர்ப்பாயம். நூற்றாண்டுகளாகக் கேட்காத அறிவை, கெடு தேதி என்றதும் நாடு முழுக்க மளமளவென்று எழுதித் தள்ளினார்கள். எழுதியதைத் திறந்து பார்த்து எங்காவது ஒரு கன்று தேர்ந்தெடுத்தார்களா என்று மட்டும் இந்த மேடையில் யாரும் கேட்டுவிடாதீர்கள், விழா கெட்டுவிடும்.

என் கோரிக்கைகள் மிகவும் எளியவை. வன அறிக்கையில் கன்றுக் கணக்கைக் கைவிடாதீர்கள். நட்ட கன்று மூன்றாம் வருடம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்காதீர்கள். மந்துக்காரரையும் குறும்பரையும் படத்தில் ஓரமாக நிறுத்துங்கள், திட்டக்குழுவில் உட்கார வைக்காதீர்கள். ‘இங்கே மரம் வேண்டாம்’ என்று எழுத ஒரு கட்டம் சேர்த்துவிடாதீர்கள்.

பேச்சைச் சுருக்கச் சொல்லிச் சீட்டு வந்துவிட்டது. அடுத்து மாண்புமிகு விருந்தினர் கன்று நடுகிறாராம். குழி எல்லாம் தயார், மேலே அந்தப் புல்மேட்டில், 1,100.