மிக்ஸர் கட்சியின் கொள்கை விளக்கம்

பிக் பாஸ் வீட்டில் கத்துகிறவர்களைப் பற்றி ஊரே பேசுகிறது. வாயே திறக்காதவர்களுக்காகப் பேச ஒரு ஆள் வேண்டாமா? அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். என்னைவிடத் தகுதியானவர்கள் எங்கள் தரப்பில் நிறைய உண்டு. கூப்பிட்டால் வரமாட்டார்கள், அதுதான் எங்கள் கட்சியின் பலவீனம்.

1994இல் வந்த 'நாட்டாமை' படத்தில் பெண் பார்க்கும் காட்சி ஞாபகமிருக்கும். சுற்றி என்ன அமளி நடந்தாலும் ஒருவர் மிக்ஸரை மென்றபடியே உட்கார்ந்திருப்பார். பிக் பாஸ் ரசிகர்கள் அவரை ஒரு இனத்துக்கே குலதெய்வம் ஆக்கிவிட்டார்கள். சண்டையில் சேராதவர், சோபா ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர், 'எனக்கு இதுல கருத்து இல்ல' என்பவர் எல்லாரும் மிக்ஸர். மீம் போடுகிறவர்கள் அவர் கையில் ஒரு தட்டையும் வரைந்து கொடுத்துவிடுவார்கள்.

நான் பரம்பரை மிக்ஸர். எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை நடந்த அன்று, பெரியப்பாவும் சித்தப்பாவும் கிணற்றடிப் பங்குக்குக் குரலை உயர்த்திக்கொண்டிருக்க, அப்பா திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தியில் 'கன்னித்தீவு' படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கதையும் நகரவில்லை, பாகப்பிரிவினையும் நகரவில்லை.

இந்த நிகழ்ச்சி எங்களைப் போன்றவர்களுக்காகச் செய்யப்பட்டதில்லை என்பது அதன் ஜாதகத்தைப் பார்த்தாலே தெரியும். 1991இல் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், 'பயோஸ்பியர் 2' என்ற பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு வருடம் வெளியே வராமல், உள்ளேயே பயிர் செய்து சாப்பிட்டு வாழ்வது ஏற்பாடு. சாப்பாடு பற்றவில்லை, காற்றில் ஆக்சிஜனும் குறைந்தது. எட்டுப் பேரும் நாலுக்கு நாலாகப் பிரிந்து, முகம் கொடுத்துப் பேசாமல் மீதிக் காலத்தை ஓட்டினார்கள். அதில் விஞ்ஞானம் தேடியவர்கள் தேடினார்கள். நெதர்லாந்தில் ஜான் டி மோல் என்ற தயாரிப்பாளருக்கோ அந்தக் கண்ணாடி வீட்டிலிருந்து ஒரு டிவி நிகழ்ச்சிக்கான யோசனை கிடைத்தது என்பார்கள். 1999இல் 'பிக் பிரதர்' பிறந்தது. 2006இல் இந்தியில் 'பிக் பாஸ்' ஆயிற்று. அண்ணன் என்றால் நம் ஆட்கள் பயப்பட மாட்டார்கள், முதலாளி என்றால் பயப்படுவார்கள் என்று யாரோ சரியாகக் கணித்திருக்கிறார்கள். தமிழுக்கு 2017 ஜூன் 25 அன்று, விஜய் டிவியில், கமல்ஹாசனோடு வந்தது.

பூந்தமல்லி தாண்டி ஒரு செட். உள்ளே போன், பேப்பர் கிடையாது, மணி பார்க்கக் கடிகாரம்கூடக் கிடையாது. வேலைக்கு மட்டும் குறைச்சல் இல்லை. குக்கிங் டீம், வெசல் வாஷிங் டீம், கிளீனிங் டீம், பாத்ரூம் டீம். சமையல்காரர், வேலைக்காரர் வைத்துக்கொண்டு வாழ்ந்த நட்சத்திரங்கள் ஒரு முட்டைக்கும் கால் லிட்டர் பாலுக்கும் மல்லுக்கு நிற்பதை நாம் இரவுச் சாப்பாட்டோடு பார்க்கிறோம். யாரோ ஒருவர் காபி குடித்துவிட்டு டம்ளரை சிங்க்கில் போட்டுவிட்டுப் போயிருப்பார். அடியில் டிகாக்‌ஷன் காய்ந்து ஒட்டியிருக்கும். 'இத யார் வெச்சது?' என்று ஒருவர் கேட்பார். அங்கிருந்து ஆரம்பித்து, 'நீ என்னை முதல் வாரத்துலேருந்தே டார்கெட் பண்ற' என்ற இடத்துக்கு அரை மணியில் வந்துவிடுவார்கள். அவ்வளவு நேரமும் பின்னால், ஃபோகஸ் இல்லாமல் மங்கலாக, ஒருவர் அந்த டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

அவர்தான் எங்கள் ஆள். அடுத்த வாரம் அவர்தான் வெளியே போவார்.

இது தற்செயல் இல்லை, அந்த வீட்டின் கணக்கே அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் கன்ஃபெஷன் ரூமில் ஆளுக்கு இரண்டு பேரைக் காரணத்தோடு நாமினேட் செய்ய வேண்டும். சண்டைக்காரரைச் சொன்னால், பிறகு தெரியவரும்போது அவர் சும்மா விடமாட்டார். அமைதியான ஆளைச் சொன்னால் ஒரு வம்பும் இல்லை. 'அவர்மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல பிக் பாஸ், ஆனா எதுலயும் கலந்துக்க மாட்டேங்கிறார்' என்று உருக்கமாகச் சொல்லிவிட்டு வந்து, அவர் கழுவிவைத்த டம்ளரிலேயே தண்ணீர் குடிக்கலாம். பட்டியலில் பேர் வந்த பிறகு ஓட்டுப் போட வேண்டியவர்கள் நாம். நமக்கு அவர் முகமே ஞாபகம் வராது. ஓவியாவுக்காக முதல் சீசனில் தமிழ்நாட்டில் ஒரு ஆர்மியே திரண்டது. டம்ளர் கழுவியவருக்காக யார் ஆர்மி ஆரம்பிப்பது?

வீட்டில் பதிவானதிலிருந்து வெட்டியெடுத்து வார இறுதியில் கமல் போட்டுக்காட்டிய 'குறும்படங்களும்' இப்படித்தான். யார் பொய் சொன்னார், யார் முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார் என்பதற்கெல்லாம் குறும்படம் உண்டு. பாத்திரம் கழுவியதற்குக் குறும்படம் போட்டதாக எனக்கு நினைவில்லை. ஏழாவது சீசனில் இன்னும் ஒரு படி மேலே போய் 'ஸ்மால் பாஸ்' என்று தனி வீடே கட்டினார்கள். வார கேப்டனைக் கவராத ஆறு பேர் அங்கே குடிபோக வேண்டும். மேலதிகாரியைக் கவராதவனுக்குத் தனி வீடு கிடைக்கிறது என்றால் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் இன்றைக்கே சாமான் கட்டிவிடுவார்கள். நானெல்லாம் பல வருடங்களாகக் கவராமலே இருக்கிறேன், ஒரு மேசை விசிறிகூடக் கொடுக்கவில்லை.

முன்பின் தெரியாதவர்களோடு குடித்தனம் நடத்துவது பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். வேலை கிடைத்த புதிதில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், மூன்று பேருக்கு ஒரு அறை. சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர், நெய்வேலியிலிருந்து ஒருவர், நான். மாடிக்கு ஒரு குளியலறை. மோட்டார் போடுவது விடிகாலையில், அதுவும் கொஞ்ச நேரம். நெய்வேலிக்காரர் எழுந்து போய் மூன்று பக்கெட்டும் நிரப்பிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். மேனேஜருக்குத் தெரியாமல் ஹீட்டர் காயிலில் வெந்நீர் வைத்து பூஸ்ட் கலப்பதும் அவர், டம்ளர் கழுவுவதும் அவர். பேச்சு மட்டும் கிடையாது. 'சாப்டாச்சா?' என்றால் தலையாட்டுவார்.

தங்கை கல்யாணம் என்று அவர் ஒருமுறை ஊருக்குப் போனார். அவர் பஸ் விழுப்புரம் தாண்டியிருக்காது, எனக்கும் சங்கரன்கோவிலுக்கும் பக்கெட் தகராறு. காலை வரை ஒருவரை ஒருவர் நாகரிகமாக அலட்சியம் செய்தோம், குளிக்காமல் ஆபீஸ் போனோம், சாயங்காலம் 'உங்க ஊர்க்காரங்களே இப்படித்தான்' என்ற அளவுக்கு முன்னேறினோம். அதுவரை எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒத்துப்போனது எங்களுக்கு இல்லை, நிரம்பியிருந்த பக்கெட்டுக்கு. பிக் பாஸ் தயாரிப்பாளர்களுக்கு இந்த ரகசியம் எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒரு வீடு நாற வேண்டுமென்றால் சண்டைக்காரர்களைக் கூட்டினால் போதாது, நெய்வேலிக்காரரை முதலில் வெளியேற்ற வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், எங்கள் தரப்புக்கும் நல்ல காலம் வந்ததுண்டு. 2018இல் ரித்விகா பட்டம் வாங்கியபோது, அதிகம் சத்தம் போடாத ஒருவர் ஜெயித்துவிட்டார் என்று தனியாக ஒரு ஸ்வீட் சாப்பிட்டுக் கொண்டாடினேன். பணப்பெட்டி என்ற ஏற்பாட்டையும் நான் மனதார ஆதரிக்கிறேன். கடைசிக் கட்டத்தில் பெட்டியை வைத்து, பணத்தை எடுத்துக்கொண்டு போகிறீர்களா என்று கேட்பார்கள். மூன்றாவது சீசனில் கவின் 5 லட்சத்தோடு கிளம்பினார், ஐந்தாவதில் சிபி 12 லட்சத்தோடு. பட்டத்துக்கு 50 லட்சம் காத்திருக்க இப்படிப் போகலாமா என்று அவர்களைத் திட்டியவர்கள் உண்டு. என்னை உள்ளே விட்டால் முதல் நாளே வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, 'பெட்டி எப்ப வரும் சார்?' என்று கேட்பேன்.

என் மாமியாருக்கு எங்கள் கட்சியைப் பிடிக்காது. இரவு ஒன்பதரைக்கு ஹாலில் அவர் நாற்காலி டிவிக்கு எதிரே நேராகிவிடும். யார் உண்மையாக அழுகிறார், யார் கேமராவுக்காக அழுகிறார் என்பதை வெங்காயம் உரித்தபடியே சொல்லிவிடுவார். என் பெண் அவருக்கு ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் உதவியாளர். மூடிய வாயோடு ஒருவர் வெளியேறும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் 'அநியாயம்' என்பேன்.

எனக்குப் பிடித்த மாதிரி ஒரு சீசன் எப்படி இருக்க வேண்டும் என்று போன வாரம் மாமியாரிடம் விளக்கினேன். பதினாறு பேர், எல்லாரும் மிக்ஸர். சண்டை கிடையாது. யார் டம்ளர் வைத்தாலும் பக்கத்தில் இருப்பவர் கழுவிவிடுவார். நாமினேஷன் என்றால் எல்லாரும் தங்கள் பேரையே சொல்வார்கள். நூறு நாள். பார்க்க மனசுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

மாமியார் விளம்பர இடைவேளை முடியும்வரை பொறுமையாகக் கேட்டார். 'நல்லாத்தான் மாப்ள இருக்கு. ஆனா அதுக்கு எதுக்கு டிவி? உங்களையே பாத்துட்டு இருந்துட்டுப் போறேன், கரண்டாவது மிச்சமாகும்' என்று சொல்லிவிட்டு, சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டிவைத்தார்.