ஸ்டியரிங் கையில் இருக்கும்வரை

தீபாவளி முடிந்தால் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூச்சு வாங்கும். கையில் கொஞ்சம் போனஸ், வீட்டில் நிறைய நச்சரிப்பு. அப்போது தெருவுக்கு ஒரு அண்ணாச்சி எழுந்து நிற்பார். "டிரைவர் எதுக்கு? அவனுக்குப் படிக்காசு வேற. நானே ஓட்டிருவேன்."

ஓட்டுவார், சந்தேகமில்லை. கரிசல் காட்டில் மேடு என்றால் கண்மாய்க் கரைதான். அங்கே பழகிய கையோடு வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையேறும்போதுதான் அவருக்குள் இருக்கும் பந்தய வீரர் கண் விழிப்பார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு முறுக்கு, வளைவுக்குள் ஒரு பிரேக், முடிந்ததும் கண்ணாடியில் தன் முகத்தை ஒரு பார்வை.

சுமோவின் கடைசி இருக்கையில் நடப்பது வேறு கதை. எதிரும் புதிருமாகப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து எழுகிறார்கள். மாமியார் மூக்கில் எலுமிச்சம்பழம். பேரன் கையில் கேரிபேக். அதுவும் அடியில் ஓட்டை.

"மாப்ளே, செத்த நிப்பாட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எல்லாம் பித்தம் அத்தை. நைட்டு புரோட்டா திங்காதீங்கன்னு சொன்னேனா இல்லியா?"

யாருக்கு வாந்தி வந்தாலும் குற்றவாளி வாந்தி எடுத்தவர்தான். ஒருவர் அதிகம் சாப்பிட்டுவிட்டார், இன்னொருவர் சாப்பிடவே இல்லை, மகள் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மூன்றாவது குற்றச்சாட்டில் மட்டும் அண்ணாச்சி பக்கம் நியாயம் உண்டு. கண் திரையில் நிலைகுத்தியிருக்க, 'ஆடாமல்தான் இருக்கிறோம்' என்கிறது அது. காதுக்குள்ளே இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களோ 'சுற்றுகிறோம்' என்கின்றன. இரண்டு சாட்சிகள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் மூளை என்ன செய்யும்? வழக்கை வயிற்றுக்கு அனுப்பிவிடுகிறது.

அண்ணாச்சிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இரும்பு உடம்பு என்பது அவர் கட்சி. உண்மையில், வண்டி எப்போது திரும்பும், எங்கே பிரேக் விழும் என்பது அவர் ஒருவருக்குத்தான் முன்கூட்டியே தெரியும். வளைவு வருமுன்பே அவர் தலை உள்பக்கம் சாய்ந்துகொள்கிறது. மற்றவர்கள் தலை வெளிப்பக்கம் போய்க் கண்ணாடியில் முட்டுகிறது.

இரும்பு உருகியது இறங்கும்போதுதான். கால் வலி என்று சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறினார். நாலு வளைவு கழித்துப் பேச்சு நின்றது. கொட்டாவி. நெற்றியில் சில்லென்ற வியர்வை. வாயில் எச்சில் ஊறல். பிறகு அறிக்கைகள்: ஏசி சேரவில்லை, டீசல் வாடை, மச்சானுக்கு கிளட்ச் மிதிக்கத் தெரியவில்லை. மகள் அவோமின் மாத்திரையை நீட்டினாள். அது வண்டி ஏறுவதற்கு முன்னால் போட வேண்டியது. தூக்கம் வரவைக்கும் என்பதால் ஓட்டுகிறவர் தொடக்கூடாதது. அண்ணாச்சி அதைக் கடைசி நேரத்தில் விழுங்கினார். அடுத்த திருப்பத்தில் மாத்திரையும் கூடவே வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்தும் திண்ணை ஆடியது. சங்குசக்கரம் மருந்து தீர்ந்ததும் நின்றுவிடும். காதுக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சொன்னபேச்சு கேட்பதில்லை. உடம்பு நின்ற பிறகும் அது சற்று நேரம் ஓடும். மூளையும் ஆட்டத்துக்குப் பழகிவிட்டதால், சிலருக்கு மணிக்கணக்கில் தரை அசைவது போலிருக்கும். வியன்னாவில் ராபர்ட் பாரனி என்ற மருத்துவர், காதைக் கழுவ ஊற்றிய தண்ணீர் சில்லென்றோ சூடாகவோ இருந்தால் நோயாளிக்குத் தலைசுற்றிக் கண்மணி ஆடுவதைக் கவனித்தார். அந்த நூலைப் பிடித்துப் போய் 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசையே வாங்கினார். பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யர்களிடம் போர்க்கைதி. அண்ணாச்சிக்கு இதெல்லாம் தேவையில்லை. ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் போதும் என்பார்.

ஆனால் படுக்கையில் புரண்டாலே அறை சுழன்றால், அது அரை நிமிடத்தில் அடங்கி மறுபடி புரளும்போது திரும்ப வந்தால், சங்கதி வேறு. உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் படுக்கவைத்து, தலையைத் தொங்கவிட்டு, படிப்படியாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கு ஓட்டுவார். எப்லி என்ற அமெரிக்க மருத்துவரின் முறை அது. பலருக்கு மருந்தே வேண்டியிருக்காது. "ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, தலையத் திருப்பிவிட்டுட்டுக் காசு வாங்குறாக" என்று டீக்கடையில் புகார் வாசிப்பதும் அண்ணாச்சி ரகம்தான்.

மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது. அடுத்த வருசம் கொல்லிமலையாம். "70 கொண்டை ஊசி வளைவு! நான்தான் ஓட்டுவேன், மச்சான் ஓட்டினா சேராது." மாமியார் மறுப்பேதும் சொல்லவில்லை. தான் நாமக்கல் வரைக்கும் வருவதாகவும், எல்லோரும் இறங்கி வருகிறவரை ஆஞ்சநேயர் கோயிலிலேயே உட்கார்ந்திருப்பதாகவும் மட்டும் சொன்னார்.