வீட்டைப் போலவே!

முதியோர் இல்ல நிர்வாகி ஐயா சமூகத்துக்கு,

போன மாத பில் வந்து சேர்ந்தது. 28,000 ரூபாய்க் கட்டணத்துக்குக் கீழே தனி வரியில்: 'பிளாஸ்டிக் மக் 1, ரூ.60'. பாத்ரூமில் அம்மா வழுக்கி விழுந்ததில் மக்கும் உடைந்தது, மணிக்கட்டும் உடைந்தது. மணிக்கட்டுக்கு நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. என்ன பெருந்தன்மை!

வரவேற்பறைப் பலகையில் 'வீட்டைப் போலவே' என்று எழுதியிருப்பதை முதலில் நான் நம்பவில்லை. தப்புதான். எங்கள் வீட்டிலும் விருந்தாளி வந்தால்தான் பீரோவிலிருந்து புதுப் போர்வை இறங்கும். உங்களிடம் அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் அன்று இறங்குகிறது. ஜீப் கேட்டைத் தாண்டியதும் பீரோவுக்கே போய்விடுகிறது. வீட்டைப் போலவே! கரண்ட் பில்லுக்குப் பயந்து எங்கள் தாத்தா ராத்திரி வராந்தா லைட்டை அணைப்பார். நீங்களும் ஒன்பதரைக்கு அணைக்கிறீர்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் பதினாறு எட்டு. அம்மா எண்ணி வைத்திருக்கிறாள், இருட்டில் வேறென்ன செய்வாள்?

முருகன் படம் மாட்ட ஓர் ஆணி கேட்டாள். சுவர் கெட்டுவிடும் என்றீர்கள். ஆறு மாதமாக முருகன் கட்டிலுக்கடியில், பழைய சேலைக்குள் இருக்கிறார். உங்கள் 'வீட்டைப் போலவே' பலகைக்கு நான்கு ஆணி. எண்ணுவது எங்கள் குடும்பப் பழக்கம்.

2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தையும் புரட்டினேன். மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேராவது தங்கும்படி அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. அம்மா அந்தக் கணக்கில் வரமாட்டாள். அவள் ஆதரவோடு இருக்கிறாள் என்பதற்கு உங்கள் பில்தான் சாட்சி.

வழுக்குகிற டைல்ஸ் மேல் 81 வயது மனுஷியை இருட்டில் நடக்கவிட்டுவிட்டு, மக்குக்கு அறுபது ரூபாய் கேட்க நாக்கூசவில்லையா உங்களுக்கு? கைப்பிடிக் கம்பி ஒன்று போடச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேனே!

மன்னிக்கணும் ஐயா. வீட்டில் கத்துவதுபோல் கத்திவிட்டேன். பலகையில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

முதியோர் உதவி எண் 14567 உங்கள் நாட்காட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. நாட்காட்டியைக் கொஞ்சம் நகர்த்தி மாட்டுங்கள். அதற்கும் ஓர் ஆணிதான்.

அறுபது ரூபாயை இத்துடன் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பி, டிரில், நாலு ஸ்குரூ, முருகனுக்கு ஓர் ஆணியோடு வருகிறேன். வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள். சுவரில் விழும் ஓட்டைகளை அடுத்த பில்லில் ஏற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
12-ம் நம்பர் அறை அம்மாவின் மகன்